பட்டு பழக்கிய பிரேக்

விசுவகர்மா பூஜையன்று கொல்கத்தாவில் ஒரு திருகாணியைத் திருகக்கூட ஆள் கிடைக்காது. ஊரிலுள்ள ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிடும். அவற்றைப் பிடிக்கிற கைகள் அன்று மொட்டை மாடிகளில் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். டாலிகஞ்சில் பட்டு குடியிருந்த சந்தின் முனையில் பட்டறை வைத்திருந்த பாப்பிதாவும் முதல் நாள் மாலையே கையை விரித்துவிட்டார்.

“ஹோபே நா, தீதி. நடக்காது. சாமானெல்லாம் சாமிகிட்ட போயாச்சு. நாளைக்கு ஒரு நாள் அதுங்க என் பேச்சைக் கேட்காது. நாளன்னைக்கு வாங்க.”

நாளன்றைக்குப் போனால் ஆகாது. நாளை மறுநாள் விடிந்ததும் பட்டுவின் நாத்தனார் தமயந்தி கரக்பூருக்குக் கிளம்ப வேண்டும். அங்கே ஒரு லாரி ஒரு காரை நசுக்கியிருந்தது. நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது எப்படி உடைந்தது, ஏன் உடைந்தது என்று இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அவளுடைய அண்ணன் பத்மநாபனும் கூடப் போவதாக இருந்தார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்; கரக்பூரில் பழைய சிநேகிதர்கள் இருந்தார்கள். போக வேண்டிய வண்டியோ வீட்டிலிருந்த பதினேழு வயது வெள்ளைக் கார். ஒரு வாரமாக அது பிரேக் பிடிக்கும்போதெல்லாம் இரும்பை இரும்பால் சுரண்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

“நானே மாத்திடறேன், மன்னி,” என்றாள் தமயந்தி. “நமக்கு ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கு. நம்மாத்து ஸ்பேனருக்கு நாளைக்கு லீவு இல்லை.”

பட்டு பத்மநாபனின் மனைவி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்து நாலு வருஷமாகிறது. லேக் மார்க்கெட்டில் எந்தக் கடையில் நல்ல முருங்கைக்காய் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். மீன்கடைக்குள் நுழையாமல் காய்கறிப் பக்கம் போகிற வழி தெரியும். அதற்கு மேல் தெரியாது என்பது வீட்டின் நிரந்தர வேடிக்கை. ‘சமையலுள் வாசப்படி தாண்டினா பட்டுவுக்குத் திக்குத் தெரியாது’ என்று பத்மநாபன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து அது உண்மையாகவே ஆகிவிட்டது.

அன்று மாலை தமயந்தி மல்லிக் பஜாரிலிருந்து புதுச் சாமான்களை வாங்கி வந்தாள். ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் நான்கு பேட். பெரிய பெட்டியில் இரண்டு டிஸ்க். அவள் பெட்டியைப் பிரித்து ஒன்றை வெளியே எடுத்ததும் பட்டு கிட்டே வந்துவிட்டாள்.

வட்டமான, கனத்த வார்ப்பு இரும்பு. நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. அதைச் சுற்றி இழைத்து இழைத்து வழவழவென்று ஆக்கிய தட்டையான முகம்.

“தோசைக்கல் மாதிரின்னா இருக்கு!”

“இதுதான் மன்னி சக்கரத்தோட சேர்ந்து சுத்தறது. ரெண்டு பக்கத்துலேருந்தும் பேட் வந்து இதைக் கவ்விப் பிடிக்கும். வண்டி நிக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இத்தனை வருஷமாகக் காரில் போயிருக்கிறாள். அது எப்படி ஓடுகிறது என்று ஒன்றிரண்டு முறை யோசித்ததும் உண்டு. எப்படி நிற்கிறது என்று யோசித்ததே இல்லை. கால் வைத்தால் நிற்கும், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள்.

“ஏண்டி, அவ்வளவு வேகமா ஓடற வண்டி நிக்கறதுன்னா, அந்த ஓட்டம் எங்கே போறது?”

“கரக்பூருக்கு,” என்றார் பிரம்பு நாற்காலியில் இருந்த பத்மநாபன்.

தமயந்தி சிரிக்கவில்லை. அண்ணியை ஒரு தினுசாகப் பார்த்தாள். “நல்ல கேள்வி மன்னி. எல்லாம் முடியட்டும், காட்டறேன்.”

துருப் பிடிக்காமல் இருக்கக் கம்பெனியிலேயே டிஸ்குகளுக்கு எண்ணெய் பூசி அனுப்பியிருந்தார்கள். தமயந்தி அவற்றைக் கொல்லைக் குழாயடிக்கு எடுத்துப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். துடைத்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் நியூஸ்பேப்பர் விரித்து இரண்டையும் வைத்தாள். காலையில் நேரம் மிச்சமாகும் என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்த தன் அறைக்குப் போய்விட்டாள்.

பட்டுவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. இரும்புக்கு யாராவது சோப்புப் போடுவார்களா? அவளுடைய தோசைக்கல் இருபத்து நாலு வருஷமாகச் சோப்பைப் பார்த்ததில்லை. அதனால்தான் அதில் தோசை பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வரும்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. புரட்டாசி பிறக்கிற நாளில் கொல்கத்தாக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். காலை ஐந்து மணிக்குப் பெருக்க வந்த பட்டு பெஞ்சைப் பார்த்தாள். டிஸ்குகளின் முகத்தில் மெலிசாக, குங்குமப்பூப் பாலை ஒற்றி எடுத்த மாதிரி, ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

துரு.

பாவம், இந்தப் பெண் ஆபீசுக்கும் போய் அலைந்து வாங்கி வந்தது. பட்டு யோசிக்கவே இல்லை. புது இரும்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்துக் காம்போடு தலையை நறுக்கினாள். கிண்ணத்தில் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டாள். காம்பைப் பிடித்து, வெட்டிய முகத்தை எண்ணெயில் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். திருப்பிப் போட்டு மறுபக்கம். பிறகு பழைய வேட்டித் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எண்ணெய் போட்டிருப்பதே தெரியக்கூடாது, அதுதான் கைப்பக்குவம். சிவப்பு போய் இரண்டு டிஸ்கும் மங்கலான வெள்ளி மாதிரி மின்னின.

யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டுவானேன் என்று காபிக்குப் பால் வைக்கப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு வேலை ஆரம்பித்தது. வீட்டுக்கு அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாள் தமயந்தி. ஜாக்கியை நம்பாமல் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளையும் அடியில் வைத்தாள். சந்து முனையில் மைக் செட் பாட ஆரம்பித்திருந்தது. மாடிகளிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. எங்கோ ஒரு பட்டம் அறுந்தால் நாலு மாடியிலிருந்து சேர்ந்து கத்தினார்கள்: “போ-காட்டா!”

இடது சக்கரம் கழன்று வந்தது. உள்ளே இருந்ததைப் பட்டு முதல்முறையாகப் பார்த்தாள். ஒரு பழைய டிஸ்க். அதன் விளிம்பை நண்டு பிடித்திருக்கிற மாதிரி ஓர் இரும்புக் கொடுக்கு.

“இது காலிப்பர்,” என்று பின்னால் இருந்த இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினாள் தமயந்தி. “மன்னி, கொஞ்சம் கயிறு குடுங்கோ. இந்த ட்யூப்ல தொங்கக்கூடாது, அறுந்துடும்.”

பட்டு துணி உலர்த்துகிற கொடியிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்தாள். காலிப்பரை அந்தக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதும், பழைய பேடை எடுத்துப் பட்டுவின் முகத்துக்கு நேரே காட்டினாள் தமயந்தி.

“பாருங்கோ. புதுசுல கட்டைவிரல் கனம் இருக்கும். இப்போ?”

இரும்புத் தகட்டின் மேல் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மிஞ்சிப்போனால் தீப்பெட்டி அட்டை கனம். ஓர் ஓரத்தில் அதுவும் இல்லை. வெறும் தகடு பளபளத்தது. பழைய டிஸ்கின் முகத்தில் விரல்நகம் சிக்குகிற அளவுக்கு வட்ட வட்டமாகப் பள்ளங்கள்.

போன வாரம் கரியாஹாட் சிக்னலில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றார்களே, பூஜைக்குப் புடவை எடுக்கப் போனபோது? இந்த அட்டைதான் நிறுத்தியிருக்கிறது. மழையில் பாலத்திலிருந்து இறங்கினபோது? இதுதான். பட்டு அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஒரு பத்தமடைப் பாய் தேய்வது போல, யாருக்கும் தெரியாமல், ஒவ்வொரு சிக்னலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் கொடுத்துத் தீர்ந்துபோயிருந்தது அது. அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. பத்மநாபன் பார்த்துக்கொண்டிருந்ததால் கும்பிடவில்லை.

பழைய டிஸ்க் துருவேறி இறுகிப்போயிருந்தது, இழுத்தால் வரவில்லை. அதன் முகத்தில் மரையோடு இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. தமயந்தி அதில் இரண்டு போல்ட்டை விட்டு மாற்றி மாற்றி முறுக்கினாள். உள்ளே போன போல்ட்டே டிஸ்கை வெளியே தள்ளியது. ‘டங்’கென்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். டிஸ்க் அவள் மடியில் விழுந்தது.

“இதுக்குன்னே துளை போட்டு வச்சிருக்கானா?” என்றாள் பட்டு.

“பின்னே? என்னிக்காவது ஒருத்தி வந்து கழட்டுவான்னு அன்னிக்கே யோசிச்சிருக்கான்.”

புது டிஸ்கை எடுத்து மாட்டும்போது தமயந்தி கையுறை போட்டிருந்தாள். அழுக்குக் கையுறை. “துருவே ஏறலையே! ராத்திரி பூரா வெளியில கிடந்தது. ஆச்சரியமா இருக்கு.”

பட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அடுத்து காலிப்பருக்குள் நீண்டுகொண்டிருந்த உருளையை உள்ளே தள்ள வேண்டியிருந்தது. பழைய பேடை அதன் மேல் வைத்து ஒரு கிளாம்ப்பை மாட்டி மெல்ல மெல்லத் திருகினாள் தமயந்தி. தேன்குழல் அச்சைத் திருப்பி வைத்துப் பிழிகிற மாதிரி இருந்தது. இங்கே திருகத் திருக, முன்னால் பானெட்டுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் பிரேக் ஆயில் மேலே ஏறியது. அங்கே எட்டிப் பார்ப்பதும் இங்கே வந்து திருகுவதுமாக இருந்த தமயந்தியைப் பார்க்க, இரண்டு ஊருக்கு நடுவில் ஒரே கிணறு இருப்பது போலத் தோன்றியது பட்டுவுக்கு. இவ்வளவு தூரம், இவ்வளவு வளைவு, இவ்வளவு மெல்லிய குழாய்; ஆனாலும் இங்கே அழுத்தினால் அங்கே தெரிகிறது.

“இந்தா, இதை எடுத்துத் தரட்டுமா?” பட்டு புதுப் பேட் பெட்டிக்குள் கை விட்டாள்.

“ஐயோ, தொடாதேங்கோ மன்னி!”

பட்டு கையை இழுத்துக்கொண்டாள்.

“உங்க கை தாளிச்ச கை. ஒரு விரல் எண்ணெய் பட்டாக்கூடப் போச்சு.” தமயந்தி அழுக்குக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டுக்கொண்டாள். பேடை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தாள். “போன வருஷம் ஜாதவ்பூர்ல ஒரு கேஸ். பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்தறதுன்னு ஒரு மனுஷர் மிஷின் ஆயிலை டிஸ்க்குல விட்டுட்டார். சத்தம் நின்னுது. வண்டி நிக்கலை.”

“அப்புறம்?” என்றார் பத்மநாபன்.

“நேரா ஒரு மிட்டாய்க் கடைக்குள்ள. நான் போய்ப் பார்க்கறச்சே பானெட் மேல அம்பது ரசகுல்லா.”

பத்மநாபன் நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

“சிரிக்காதே அண்ணா. அவருக்கு ரெண்டு காலும் முறிஞ்சது. ‘அமுக்கினேன், அமுக்கினேன்’னு அதையேதான் சொல்லிண்டிருந்தார் ஆஸ்பத்திரியில.”

மாட்டியிருந்த புது டிஸ்கைத் திரும்பிப் பார்த்தாள் பட்டு.

சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தாள். பத்மநாபன் சிரித்துக் கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இதையும் சொன்னால் அவ்வளவுதான். ஜென்மத்துக்கும் ஒரு கதை. வருகிறவன் போகிறவனெல்லாம் ‘கார் சக்கரத்துக்குக் கத்திரிக்காய் தேய்ச்சாளாமே!’ என்பான். அதுவும் எண்ணெயா அது? துடைத்தாயிற்று. துணியில்தான் எல்லாம் போய்விட்டது. அந்த மனுஷர் டின்னோடு ஊற்றியிருப்பார்.

“நான் போய்க் காபி கலக்கறேன்,” என்றாள்.

காபி கலந்து கொடுத்தாள். குழம்புக்குப் புளி ஊறப்போட்டாள். வெளியே வலது சக்கரம் கழன்று விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒரு ‘டங்’. அவளுக்குக் காய் நறுக்க ஓடவில்லை. நறுக்க இருந்ததும் கத்திரிக்காய்தான். அதில் ஒன்றுக்குத் தலை இல்லை.

பத்மநாபனுக்குப் பத்து மணிக்கு இரண்டு தோசை வேண்டும். கல்லை அடுப்பில் ஏற்றினாள். நேற்று ராத்திரி தோசை வார்த்துவிட்டுத் துணியால் அழுந்தத் துடைத்து வைத்த கல். அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. உலர்ந்த கருங்கல் மாதிரி இருந்தது. பார், இதில் எங்கே இருக்கிறது எண்ணெய் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைக்காமலே, பழக்க தோஷத்தில் கைநீரை அதன் மேல் தெளித்தாள்.

தண்ணீர் பரவவில்லை. முத்து முத்தாகத் திரண்டு நின்றது. கல்லைக் கொஞ்சம் சாய்த்தாள். முத்துகள் கல்லைத் தொடாத மாதிரி உருண்டு ஓடின.

எண்ணெய் எங்கேயும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரிந்தது. துடைக்கத் துடைக்க உள்ளேதான் ஏறும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அதற்காகத்தானே துடைத்தாள்.

அவள் ஓடினாள். புடவைத் தலைப்பு கதவில் மாட்டிக் கிழிந்தது. வெளியே இரண்டு பக்கமும் காலிப்பர் மாட்டியாயிற்று. தமயந்தி கார்க் கதவைத் திறந்து, பிரேக்கை அழுத்திப் பார்க்க ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

“காலை வைக்காதே!”

சந்தில் போன சைக்கிள்கூட நின்றது. பட்டு இத்தனை சத்தமாகக் கத்தி யாரும் கேட்டதில்லை.

“என்ன மன்னி?”

“நான் எண்ணெய் தடவிட்டேன். ரெண்டுலயும். விடிகாலம்பற. துருப் பிடிச்சிருந்தது, தோசைக்கல்லுக்குத் தடவற மாதிரி… கத்திரிக்காக் காம்பால… நல்லெண்ணெய்.” மூச்சு வாங்கியது. “துடைச்சேன். ஆனா துடைச்சாப் போகாதுடி. இருக்கு. இப்போத்தான் பார்த்தேன், இருக்கு.”

தமயந்தி காலை மெதுவாக வெளியே எடுத்தாள். குனிந்து, கையுறையைக் கழற்றி, சுண்டுவிரலால் டிஸ்கைத் தொட்டு மூக்கில் வைத்துக்கொண்டாள். நல்லெண்ணெய் வாசனை.

“அப்போவே ஏன் சொல்லலை?”

பட்டு கிழிந்த தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நாளைக்கு நான் எண்பதுல போயிருப்பேன் மன்னி. அண்ணா பக்கத்துல.”

பத்மநாபன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கமான குரலில்தான் ஆரம்பித்தார்: “பிரேக் ஆயில்னு சொன்னதும் இவ சமையல்…”

“அண்ணா, நீ சும்மா இரு,” என்றாள் தமயந்தி. அவர் சும்மா இருந்தார்.

தமயந்தி நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்பேனரை எடுத்தாள். “நல்ல வேளை, அமுக்கலை. பேட் சும்மா உரசிண்டுதான் இருக்கு, இன்னும் கவ்வலை. மேலாக உப்புத்தாள் போட்டுடலாம். டிஸ்க்தான்… வேற வாங்க இன்னிக்கு ஒரு கடையும் திறந்திருக்காது. எத்தனை தேய்ச்சாலும் போச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“அதைக் கழட்டி என்கிட்ட குடு,” என்றாள் பட்டு.

“மன்னி…”

“ஏத்தினவ நான். எடுக்கறேன்.”

குழாயடியில் உட்கார்ந்தாள். அண்டா நிறையக் கொதிக்கிற தண்ணீர். சோப்பு. தேங்காய் நார். எந்த இரும்பில் இருபத்து நாலு வருஷம் சோப்புப் படாமல் காத்தாளோ, அதே மாதிரி இரும்பை இப்போது விரல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். ஓரத்தை, நடு மேட்டை, இரண்டு முகங்களுக்கு நடுவே காற்றுப் போக விட்டிருந்த பொந்துகளைக்கூட விடவில்லை. ஒரு கழுவல் முடிந்ததும் டிஸ்கைச் சாய்த்து ஒரு கை தண்ணீர் விட்டாள்.

“பாரு.”

தண்ணீர் ஓரிடத்தில் பரவி, ஓரிடத்தில் பிரிந்து, அங்கே நாலு முத்து நின்றது.

“அந்த முத்து நிக்கற இடத்துல எண்ணெய் இருக்கு,” என்றாள். மறுபடி தேய்த்தாள். மறுபடி தண்ணீர். இப்போது ஒரே ஒரு முத்து. மூன்றாவது கழுவலில், விட்ட தண்ணீர் முழு முகத்திலும் ஒரே தாளாக விரிந்து, எங்கும் பிரியாமல், கண்ணாடி மாதிரி நின்றது. மேலே பறந்த பட்டங்கள் அதற்குள் தெரிந்தன.

தமயந்தி குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதை யார் மன்னி உங்களுக்குச் சொன்னா?”

“யார் சொல்லணும்? தெனம் பார்க்கறேனே.”

“எங்க ட்ரெய்னிங்ல ஒரு நாள் முழுக்க இதைச் சொல்லிக் குடுத்தான். பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி தகடு சுத்தமா இருக்கான்னு பார்க்க. எனக்கு இப்போ ஞாபகம் வரலை பாருங்கோ.”

இரண்டாவது டிஸ்கும் மூன்றாவது கழுவலில் தேறியது. இந்த முறை பெஞ்சில் வைக்கவில்லை. துருவுக்கு நேரமே கொடுக்காமல் ஆளுக்கொன்றாகத் துடைத்துக்கொண்டே எடுத்துப் போனார்கள். சுத்தமான துணியால் பிடித்துக்கொண்டு பட்டுவே ஒன்றை மாட்டினாள். அது இருசில் போய் உட்கார்ந்த விதம், சம்புடத்துக்கு அதன் மூடி அமர்ந்த மாதிரி இருந்தது. எங்கோ தெரியாத ஊரில் தெரியாத யாரோ வார்த்த இரும்பு. மயிரிழை இடைவெளி இல்லை.

உப்புத்தாளில் தேய்த்த பேட்களோடு எல்லாம் மாட்டி, போல்ட்டுகளை இறுக்கியதும் தமயந்தி சொன்னாள்: “மன்னி, போய் டிரைவர் சீட்டுல உக்காருங்கோ.”

“நானா?”

“நடுவுல இருக்கறது பிரேக். நான் சொல்றச்சே அமுக்குங்கோ.”

பட்டு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பத்மநாபன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். வெறுங்காலை அந்த இரும்பின் மேல் வைத்தாள். மெட்டி லேசாகத் தட்டியது. அழுத்தினாள். கால் தடையே இல்லாமல் தரை வரைக்கும் போயிற்று. திடுக்கிட்டு எடுத்துவிட்டாள்.

“பயப்படாதேங்கோ, அப்படித்தான். உருளை வெளியில வரணும். இன்னொரு தரம்.”

இரண்டாவது முறை பாதி வழியில் ஏதோ எதிர்த்தது. மூன்றாவது முறை இன்னும் மேலே. ஐந்தாவது முறை காலுக்கடியில் கல் மாதிரி நின்றது. அழுத்தினால் நகரவில்லை.

“இப்போ விடுங்கோ. நான் டிஸ்க்கைச் சுத்தறேன். பார்த்துண்டே இருங்கோ, தோணறப்போ அமுக்குங்கோ.”

திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள் பட்டு. தமயந்தி இரண்டு கையாலும் டிஸ்கை வீசிச் சுழற்றினாள். வெள்ளியாக அது சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டு பெருவிரலால், கோலப்பொடியைத் தள்ளுகிற அளவுக்கு, தொட்டாள்.

நின்றது.

தயங்கித் தயங்கி அல்ல, நின்றது. தமயந்தி எழுந்து, இரண்டு கையும் கோத்து, தோள் நரம்பு புடைக்கத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. பட்டுவின் கால் பெருவிரலுக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஒரு முழுக் கார் இருந்தது. ஆனாலும் தமயந்தியின் இரண்டு கைப் பலத்தையும் தன் பாதத்தில் உணர்ந்தாள் பட்டு. உள்ளங்காலில் ஏதோ உயிருள்ளது துடிப்பது போல இருந்தது. காலை எடுத்தாள், டிஸ்க் சுற்றியது. வைத்தாள், நின்றது. எடுத்தாள். வைத்தாள். இருபத்து நாலு வருஷத்தில் அவள் சொல்லி இந்த ஊரில் எதுவும் இப்படி நின்றதில்லை.

“போறும் மன்னி, எனக்குக் கை வலிக்கறது,” என்று சிரித்தாள் தமயந்தி.

“இன்னும் ஒரே ஒரு தரம்.”

சக்கரங்களை மாட்டி, கை கழுவி, கிளம்பும்போது மணி ஒன்றாகிவிட்டது. புது பேடும் புது டிஸ்கும் ஒன்றோடொன்று இழைய வேண்டும். அதற்குப் பத்துத் தடவை வேகமாகப் போய் மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும் என்றாள் தமயந்தி. “புதுக் கல்லைப் பழக்கற மாதிரிதான் மன்னி. ஆனா எண்ணெய் இல்லாம.”

“நானும் வரேன்.”

“நீ எதுக்கு?” என்றார் பத்மநாபன்.

“பழக்கப் போறாளாம். நான் இல்லாமயா?” முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரேக் பிடிக்காமல் உயிர் போகிறதானால் தன் உயிர்தான் முதலில் போக வேண்டும் என்று அவள் குழாயடியிலேயே முடிவு செய்திருந்தாள். அதைச் சொல்லவில்லை.

சினிமா ஸ்டூடியோவுக்குப் பின்னால் போகிற நீளத் தெருவில் அன்று கூட்டமில்லை. ஆட்டோக்கள் கழுத்தில் மாலையோடு ஓரமாக நின்றன. தமயந்தி நாற்பதுக்குப் போவாள், மெல்லப் பிடிப்பாள். பத்துக்கு வந்ததும் விட்டுவிடுவாள். மறுபடி நாற்பது. பட்டு மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாலாவது தடவையிலிருந்து பிடி மாறியது. முதலில் சொரசொரவென்று இருந்தது இழைந்து, கனத்து, தாய் குழந்தையைத் தோளைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஆயிற்று.

ஒன்பதாவது தடவை நாற்பதில் போய்க்கொண்டிருந்தபோது மேலே மாடிகளில் பெரிய கூச்சல்: “போ-காட்டா!” ஒரு சிவப்புப் பட்டம் அறுந்து ஆடி ஆடி இறங்கியது. வலப்பக்கத்து வீட்டு வாசலிலிருந்து லுங்கியும் பனியனுமாக ஒரு பெரிய மனிதர், அறுபது வயசிருக்கும், வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கையை நீட்டியபடி நேரே தெருவுக்குள் ஓடி வந்தார்.

பட்டுவின் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை மிதித்தது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் மேட். ஆனால் தமயந்தியின் காலும் அதே கணத்தில் மிதித்திருந்தது. பட்டுவின் உடம்பு பெல்ட்டில் போய் மோதியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தமே இல்லை. கத்தல் இல்லை, சுரண்டல் இல்லை.

கண்ணைத் திறந்தாள். பானெட்டுக்கும் லுங்கிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அந்த மனிதர் அவர்களைப் பார்க்கவே இல்லை. எம்பி, பட்டத்தின் நூலைப் பிடித்துவிட்டார். பிடித்த சந்தோஷத்தில் வாயெல்லாம் பல்லாக, பட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னால் கார் ஒன்று நின்றதே தெரியாமல், வந்த வழியே வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே யாரோ பெண்பிள்ளை அவரைத் திட்டுவது கேட்டது.

தமயந்தியின் கை ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டு அதன் மேல் தன் கையை வைத்தாள்.

“ஓரமா நிறுத்துடி.”

நிறுத்தியதும் இறங்கி முன்சக்கரத்தின் பக்கத்தில் போய்க் குந்தினாள் பட்டு. சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக உள்ளே டிஸ்க் தெரிந்தது. புது மாதிரி இல்லை இப்போது. பேட் இழைந்த இடமெல்லாம் சாம்பல் பூத்து, நாலு தோசை வார்த்த கல் போலப் பதமாக இருந்தது.

“தொடாதேங்கோ மன்னி! சுட்டுடும்!” தமயந்தி மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தாள். “நேத்து கேட்டேளே, அந்த ஓட்டமெல்லாம்…”

“பேசாம இரு,” என்றாள் பட்டு.

அவள் தொடவில்லை. தினம் காலையில் முதல் தோசைக்கு முன்னால் செய்வது போல, உள்ளங்கையை விரித்து, அதற்கு ஒரு சாண் இப்பால் பிடித்தாள். வந்தது. கனமான, சீரான அனல். டாலிகஞ்சுத் தெருவில் எட்டுத் தடவை ஓடிய அத்தனை ஓட்டமும், பட்டம் பிடித்த மனிதருக்கு ஒரு முழம் முன்னால் தீர்ந்துபோன அந்தக் கடைசி ஓட்டமும், அவள் கையில் வந்து மோதின.

“கல் காஞ்சிருக்கு,” என்றாள்.

கையை எடுக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.